சாய்ப்பில் சிராய் இல்லை

ஜனவரி 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. உருளைக்கிழங்கு மசியலும் மீன் வறுவலும் போட்டோம். பிள்ளைகள் விடுமுறை முழுக்க சாக்லேட்டாகத் தின்றுவிட்டு வந்திருக்கிறார்கள் போல, பாதி மீன் தட்டிலேயே சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.

வீட்டுக்கு வந்தால் ரெய்யோ சோபாவில். காலையில் விட்டுப்போன அதே குழியில். "என்ன, சோபாவையே கட்டிக்கிட்டியா? அப்ப நான் யாரு?" என்றேன். சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பித் தருவான். இப்போது சுவரில் பந்து எறிந்தாலாவது திரும்பி வருகிறது.

நர்ஸம்மா போன் செய்தாள். "நடக்கிறாரா?" "கக்கூஸ் வரைக்கும் நல்லா நடக்கிறாரு" என்றேன். சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள் — தினமும் நடக்கணும், காட்டுப் பாதை இருந்தால் இன்னும் நல்லது, இப்படியே உட்கார்ந்திருந்தால் இதயம் பலப்படாது, அடுத்த முறை தாங்காது என்று. அடுத்த முறை! கடைக்குப் போகும்போது பால் வாங்கி வா என்பது போலச் சொன்னாள்.

மார்ச்சில் பரிசோதனை.

ஜனவரி 10, செவ்வாய்

"வா கிழவா, ஒரு நடை போயிட்டு வரலாம்."

"எங்க?"

"காட்டுக்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சும்மாதான்."

என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது அவனுக்கா எனக்கா என்பது போல. "காட்டுல எனக்கு என்ன வேலை இருக்கு?" என்றான்.

இவன் மட்டுமில்லை, இந்த ஊர் ஆம்பிளைகள் எல்லாருமே இப்படித்தான். காட்டுக்குள் போனால் கையில் துப்பாக்கி இருக்கணும், இல்லை கோடாலி, இல்லை தூண்டில், இல்லை பெர்ரி வாளி. வெறுங்கையோடு போகிறவன் ஹெல்சிங்கிக்காரனாக இருக்கணும், அல்லது பெண்டாட்டியோடு சண்டை போட்டவனாக இருக்கணும்.

சண்டை வேண்டுமானால் நான் ஏற்பாடு செய்கிறேன்.

ஜனவரி 14, சனி

தனியாகவே போனேன். எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து குளக்கரைச் சாய்ப்பு வரைக்கும் — முன்பக்கம் திறந்த மரக்கொட்டகை, வழியில் போகிறவர் யாரும் தீ மூட்டிக் குளிர் காயலாம். என் நடைக்கு முக்கால் மணி நேரம்.

ராத்திரி பெய்த பனி கலையாமல் இருந்தது. ஸ்ப்ரூஸ் மரங்கள் எல்லாம் வெள்ளைக் கம்பளி போர்த்திக்கொண்டு, யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பது போல நின்றன. பேசுகிறவள் நான் ஒருத்திதான், நானும் வாயை மூடிக்கொண்டேன். என் மூச்சுச் சத்தம், பூட்ஸ் சத்தம், எங்கோ ஒரு கிளை பனியை உதறிப் போடும் 'பொத்'. அவ்வளவுதான். பத்தரை மணிக்குச் சூரியன் மரங்களின் இடுப்பளவு வந்து நின்றது. அதற்கு மேல் ஏற அதற்கும் சோம்பல். ஆனாலும் வந்ததே, அதற்கு நன்றி.

நடக்கும்போது அக்டோபர் ஞாபகம் வந்தது. இந்தப் பாதைக்குத் தெற்கேதான் கடமான் வேட்டையில் ரெய்யோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். பக்கத்தில் இருந்தது எஸ்கோ. இரண்டு பேருக்கும் பால் பல் விழுந்த காலத்திலிருந்து சிநேகிதம். அவன்தான் இவனை, சுட்ட மானை இழுத்து வருகிற சறுக்குத்தொட்டியில் கிடத்தி, கயிற்றை இடுப்பில் கட்டி ரோடு வரைக்கும் இழுத்து வந்தான். ஆம்புலன்ஸ்காரனே சொன்னான், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று. எஸ்கோவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஏற்றும்போது சொன்னானாம், "இந்த வருஷத்து மான் காளைகள்லயே இதுதான் கனம். கொம்பு இல்லாததுதான் குறை." நவம்பரில் வேட்டைக்குழு விருந்தில் அந்தக் கதை மேடை ஏறிவிட்டது. ஊரே சிரித்தது. ரெய்யோ போகவில்லை, ஆனால் காதுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எஸ்கோவோடு பேச்சில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. உயிரைக் காப்பாற்றினவன் மேல் கோபப்படுகிற மனுஷனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அது கோபமா? தான் தொட்டியில் கிடந்ததை எஸ்கோ பார்த்துவிட்டானே, அந்த வெட்கம்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து காப்பி போடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன், "சாய்ப்புல தீ மூட்ட ஒரு சிராய்கூட இல்லை. கடைசியா வந்தவன் எல்லாத்தையும் எரிச்சுட்டுப் போயிட்டான். நான் கட்டையிலேர்ந்து ஒண்ணு ரெண்டு பிளந்து, ஊதி ஊதித்தான் தீ மூட்டுனேன்."

சோபாவில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "என்னது? ஒண்ணுகூட இல்லையா?"

ஜனவரி 15, ஞாயிறு

போனான்!

நான் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் கம்பளிக் கால்சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறான். "சாய்ப்பை நானும் எஸ்— நாங்க கட்டினது. ஈரத்தோட ஒருத்தன் வந்து நின்னா என்ன பண்ணுவான்? கை வெறைச்சுப் போயிருந்தா கட்டையைப் பிளக்க முடியுமா?" என்று எனக்குப் பாடம்.

நானும் கூடப் போனேன். நாலு இடத்தில் நின்றான். மூச்சு வாங்கியது என்று ஒப்புக்கொள்ளாமல், நின்ற இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு மரத்தை நிமிர்ந்து பார்த்து, "இது பட்டுப் போச்சு" என்றான். ஒரு வருஷத்தில் பட்டுப்போகிற மரம் எல்லாம் இன்றைக்கு ஒரே நாளில் பட்டுப் போய்விட்டது. சாய்ப்பில் உட்கார்ந்து, கட்டையைச் சின்னச் சின்னதாகப் பிளந்து, பிர்ச் பட்டையைக் கிழித்து, எல்லாவற்றையும் நனையாத மூலையில் அடுக்கி வைத்தான். அடுப்பில் கரி பிடித்த கெட்டிலை வைத்தேன். செவ்வால் குருவி ஒன்று வந்து என் சாசேஜில் பாதியைக் கொத்திக்கொண்டு போனது. எடுத்துக்கொள், இன்றைக்கு எதுவும் எடுத்துக்கொள்.

ஜனவரி 18, புதன்

மறுபடி சோபா. "இன்னைக்குப் போகலையா?" "எதுக்கு? அன்னைக்கே நிறைய வெட்டி வெச்சாச்சே."

ஓஹோ.

ஜனவரி 20, வெள்ளி

செய்துவிட்டேன். சமையலறை வேலை முடிந்து காட்டு வழியாக வந்தேன். சாய்ப்பில் உட்கார்ந்து, அவன் வெட்டி வைத்த சிராய் அத்தனையையும் எரித்தேன். ஒரு குச்சி மிச்சம் வைக்கவில்லை. ஊருக்குள் தேவாலயத்துக்குப் போகாமல் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். சாய்ப்பில் அடுத்து வருகிறவருக்குச் சிராய் வெட்டி வைக்காமல் போனவளை மன்னிக்கமாட்டார்கள்.

மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு கட்டு சிராயை நானே வெட்டி, சாய்ப்புக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் அடியில் மறைத்து வைத்தேன். நிஜமாகவே குளிரில் மாட்டின ஒருவன் நாலு பக்கமும் தேடமாட்டானா, தேடுவான்.

இன்னொரு விஷயம். என் புருஷன் தடம் பார்க்கிறவன். நரி நேற்று போனதா இன்று போனதா என்று சொல்லுவான். என் சின்னக் கால் தடத்தைப் பார்த்தால் முடிந்தது கதை. அதனால் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய பழைய பெரிய பூட்ஸைக் காலையிலேயே எடுத்துப் போய், இரண்டு ஜோடிக் காலுறை திணித்துப் போட்டுக்கொண்டேன். வாத்து மாதிரி நடந்தேன். இனி அது பள்ளிச் சமையலறையிலேயே இருக்கட்டும்.

ஜனவரி 21, சனி

"எவன்டா அவன்!" — சாய்ப்பிலிருந்து திரும்பி வந்த ரெய்யோ. கன்னம் இரண்டும் சிவப்பு. இரண்டே இடத்தில்தான் நின்றானாம்.

ஜனவரி 28, சனி

இந்த வாரம் இரண்டு முறை எரித்தேன். அவன் மூன்று முறை போனான். ஒரு முறை காவல் காக்கவே போனான், காப்பி பிளாஸ்க்கோடு.

கோபம் எவ்வளவு நல்ல மருந்து! மாத்திரைக்குக் கொடுக்கிற கவனத்தை டாக்டர்கள் இதற்குக் கொடுக்கலாம். சாப்பாட்டு மேஜையில் பேசுகிறான், கையை ஆட்டுகிறான். "பள்ளிக்கூடத்துப் பசங்களா இருக்குமோ? உன் பட்டாணிக் கஞ்சியைக் குடிச்சுட்டு வர்ற திமிரு!" என்று என்னையே கிண்டல் செய்தான். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம், வெங்காயம் அறுக்கத்தான் இல்லை.

பிப்ரவரி 2, வியாழன்

சாய்ப்புச் சுவரில் பலகை அடித்துவிட்டு வந்திருக்கிறான். வழியில் பார்த்தேன். பெரிய எழுத்தில்: "சிராய் வெட்டாமல் போகிறவனே, அடுத்து வருவது உன் அம்மாவாக இருந்தால்?"

அதற்குக் கீழே பென்சிலில் யாரோ: "என் அம்மா இதைவிட நல்லா வெட்டுவாள்."

சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அப்புறம் எரித்தேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

சமையலறையில் என்னோடு வேலை பார்க்கிற சீர்பா சொன்னாள், ஊர் வாட்ஸ்அப்பில் இதுதான் பேச்சாம். பழைய தபால் ஆபீஸ் வீட்டுக்கு ஹெல்சிங்கியிலிருந்து குடிவந்த அம்மாவைத்தான் பாதிப் பேர் சந்தேகப்படுகிறார்களாம். "அவங்களுக்குக் கோடாலி எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது ஐலா" என்கிறாள் சீர்பா. நான் கேரட் துருவிக்கொண்டே இருந்தேன். விரல் வரைக்கும் துருவிவிட்டேன்.

பிப்ரவரி 11, சனி

இரண்டு பேருமாகப் போனோம். சாய்ப்பில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே சீராக வெட்டி, நூல் கட்டின சிராய். பெட்ரோல் பங்க்கில் விற்கிறார்களே, அது. கூட ஒரு துண்டுச் சீட்டு: "நான் எரிக்கவில்லை. ஆனாலும் மன்னிக்கவும்."

ரெய்யோ அந்தப் பையைச் செத்த எலியைப் பிடிப்பது போலத் தூக்கிப் பார்த்தான். "கடையில வாங்கின சிராய்! சுத்தி இத்தனை மரம் நிக்குது, இது எஸ்தோனியாவிலேர்ந்து வந்திருக்கு!" பிறகு சீட்டை இன்னொரு தரம் படித்துவிட்டு, "பாவம். அந்தம்மா இல்லை" என்றான்.

பாவம்தான். திங்கட்கிழமை அந்த அம்மாவுக்கு ஏலக்காய் பன் சுட்டு எடுத்துப் போகணும். காரணம் சொல்லாமல் கொடுக்கணும். இந்த ஊரில் காரணம் இல்லாமல் பன் கொடுத்தால் பயந்துவிடுவார்களே?

இன்றைக்கு அவன் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான்தான் நின்றேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

தவக்காலத்துக்கு முந்தைய பன் திருநாள். வழக்கம்போல் சண்டை, உள்ளே பாதாம் விழுதா ஜாமா என்று. முப்பத்தொரு வருஷமாக நான் ஜாம் கட்சி, அவன் பாதாம் கட்சி. கிரீம் இவனுக்குக் கூடாது. "கிரீம் இல்லாத பன்னும் பாதாமும், தலைமுடி இல்லாத மொட்டையும் சீப்பும்" என்றான். சொல்லட்டும். எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். எதிரே உட்கார்ந்து சொல்கிறானே.

குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தான். தடம் தேடுகிறானாம்.

பிப்ரவரி 23, வியாழன்

ஐயோ.

சாயங்காலம் வந்தவன் கோபமாகவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றாமல் சொன்னான்:

"தெரிஞ்சுபோச்சு. எஸ்கோ."

"என்ன எஸ்கோ?"

"நேத்து விழுந்த புதுப் பனியில தடம் அச்சு மாதிரி இருக்கு. அடியில நாலு பட்டை, நடுவுல நட்சத்திரம். ராணுவத்துப் பழைய சாமான் விக்கிற கடையில நானும் அவனும் ஒரே நாள்ல வாங்கின பூட்ஸ். இந்த ஊர்ல ரெண்டே ஜோடி. என்னோடது கொட்டகையில தொங்குது."

தொங்கவில்லை. என் கால்ல இருந்துச்சு. இப்ப பள்ளிக்கூடத்துல காயுது.

"அவன் ஏன்டா அப்படிச் செய்யப் போறான்?"

"எனக்காகத்தான். நான் வர்றேன்னு தெரியும். இன்னும் சிரிக்கணும் அவனுக்கு. மானு மாதிரி இழுத்தது போதலை." அவன் குரல் உடைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குழு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறானாம். சாய்ப்புப் பொறுப்பை எஸ்கோகிட்டேர்ந்து எடுக்கணுமாம். அவனோட இனி ஒரு வேட்டைக்கும் போகமாட்டானாம்.

எஸ்கோவும் அதே பூட்ஸ் வெச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பூட்ஸை எல்லாம் பார்த்தா ஆம்பிளைகளை எடை போடறேன்?

இப்ப என்ன பண்றது? சொன்னா நடையை விட்டுடுவான். சொல்லாட்டி சிநேகிதனை விட்டுடுவான். இதயம் பலமாகி, உள்ளே ஒருத்தரும் இல்லைன்னா அந்த இதயத்தை வெச்சு என்ன பண்ண?

பிப்ரவரி 24, வெள்ளி

காலையில் சொல்ல வாயைத் திறந்தேன். "உப்பு வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

நாளைக்குச் சொல்லணும்.

பிப்ரவரி 25, சனி

சவுனா நீராவிக் குளியலறைக்கு விறகு அடுக்கிவிட்டு உள்ளே வந்தால் சோபா காலி. கொக்கியில் கோட்டு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் குளத்துப் பக்கம் மெல்லிசாகப் புகை. எஸ்கோ அவ்வப்போது குளத்துப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவன், அப்போது சாய்ப்பில்தான் வந்து காப்பி போடுவான். இவனும் அந்தப் புகையைத்தான் பார்த்திருக்கிறான்.

ஓடினேன். ஓட்டமாவது! முழங்கால் வரைக்கும் பனி, பாதை விட்டு ஓர் அடி தள்ளினால் இடுப்பு வரைக்கும். தூரத்தில் அவன் முதுகு தெரிந்தது. "நில்லுடா! ரெய்யோ! டேய் கிழவா!" திரும்பவில்லை. நாலு இடத்தில் நின்று மரம் பார்த்த மனுஷனா இவன்? நான் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. பாதி வழியில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினேன். என்ன ஒரு கூத்து பார், பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதே நெஞ்சு உள்ளுக்குள், 'பாரேன், என்னமா நடக்கிறான்!' என்று சந்தோஷப்படுகிறது.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு கோடியில். எதிரே நெருப்பு. ரெய்யோவின் விரல் எஸ்கோவின் பூட்ஸை நோக்கி நீண்டிருந்தது. எஸ்கோ தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறான்:

"ஆமா. நான்தான் எரிச்சேன். என்ன பண்ணப் போறே?"

"பொய்!" என்று கத்தினேன். "அவன் இல்லை, நான்! எல்லாத்தையும் நான்தான் எரிச்சேன்! ஜனவரியிலேர்ந்து! உன் பூட்ஸைப் போட்டுக்கிட்டு!"

குளம் முழுக்க எதிரொலித்தது. மரத்திலிருந்து ஒரு கூடைப் பனி விழுந்தது.

எஸ்கோ என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "ஐலா, ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? இப்பத்தான் திட்ட ஆரம்பிச்சான். அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை கேட்டு நாலு மாசம் ஆச்சு எனக்கு."

அவனுக்குத் தெரியுமாம். குளத்து நடுவிலிருந்து இரண்டு முறை என்னைப் பார்த்திருக்கிறான். "முதல்ல பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு நெனைச்சேன். அப்புறம் பின்னாடி ஒளிச்சு வெச்ச சிராய்க் கட்டைப் பார்த்தேன். அடுத்த நாளே இந்த எருமை நடந்து வர்றதையும் பார்த்தேன். புரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டேன்." பிறகு ரெய்யோ பக்கம் திரும்பி, "தடம் பார்க்கிறானாம் தடம்! சொந்த பூட்ஸையே ஒரு மாசமா வேட்டையாடியிருக்கே. எவ்வளவு கிட்ட போனே, சுட்டிருந்தா உன் கால்லதான் பட்டிருக்கும்!"

வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்து உருண்டிருப்பேன். ரெய்யோ சிரிக்கவில்லை. எழுந்தான். கோடாலியை எடுத்தான். ஒரு கட்டையைப் பிளந்து, சிராயாக்கி, மூலையில் அடுக்கினான். அடுத்து வருகிறவனுக்கு. பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தான்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. பேசவும் இல்லை. சோபா.

மார்ச் 1, புதன்

சோபா. நான் பேசினால் ம். கேட்டால் ம்ஹும். இந்த நாட்டில் ஆம்பிளைகள் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் முப்பத்தொரு வருஷமாகக் கேட்கிறவளுக்கு இந்த மௌனம் எந்த மௌனம் என்று தெரியும்.

முட்டாளே, ஐலா. அவனை நடக்க வைத்தது சிராய் இல்லை, தான் இல்லாமல் ஆகாது என்கிற நினைப்பு. அதைத்தானே எரித்தாய்?

மார்ச் 3, வெள்ளி

எஸ்கோ வந்தான். கையில் மூன்று விரால் மாதிரி வழவழ மீன், பனித்துளையில் பிடித்தது. கதவைத் தட்டாமல் வாசல் படியில் நின்றுகொண்டே இருந்தான். ஜன்னலில் பார்த்துவிட்டு ரெய்யோவும் அசையவில்லை. கெட்டில் ஒரு தடவை கொதித்து ஆறுகிற நேரம் இந்த நாடகம். கடைசியில் ரெய்யோ எழுந்து கதவைத் திறந்து, "சூடு வெளிய போகுது" என்றான். எஸ்கோ உள்ளே வந்தான்.

இரண்டு பேரும் சவுனாவுக்குப் போனார்கள். நான் மீன் சூப் வைத்துக்கொண்டே காதைத் தீட்டினேன். ஒரு பேச்சுக் குரல் இல்லை. சூடான கல்லில் தண்ணீர் விழுகிற 'ஸ்ஸ்' மட்டும். நேரம் போகப் போக அதுதான், அது மட்டும்தான். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று எனக்கு அதிலிருந்தே தெரிந்தது.

சூப் குடிக்கும்போது எஸ்கோ, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான். ரெய்யோ, "அவளுக்கு எரிக்கத்தான் தெரியும்" என்றான்.

இரண்டு தட்டு குடித்தார்கள். நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, மீனுக்கே வைத்துக்கொள்வோம்.

மார்ச் 14, செவ்வாய்

பரிசோதனை. மெஷினில் நடக்கவிட்டு, ஒயர் ஒட்டி, படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். தாளைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. அக்டோபரைப் பார்க்கும்போது நம்ப முடியாத முன்னேற்றம். என்ன உடற்பயிற்சி செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"திருடனைப் பிடிக்கப் போனேன்" என்றான் ரெய்யோ.

"பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன். முப்பத்தொரு வருஷமா வீட்லயேதான் இருந்திருக்கா."

பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். "இப்ப எதுக்குடி அழற? உயிரோட இருக்கேன்னா?" "ஆமாடா, அதுக்குத்தான்" என்றேன். மூக்கு சிந்தக் கைக்குட்டை கொடுத்தான். அழுக்குக் கைக்குட்டை.

ஆனால் டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. விடாமல் நடக்கணும், இனி ஆயுசு முழுக்க. இவன் இரண்டரை வாரமாக வாசலைத் தாண்டவில்லை. வண்டியில் வரும்போது கேட்டேன், "மறுபடி எரிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"வேற என்னதான் செய்யறது?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

மார்ச் 19, ஞாயிறு

தனியாகப் போனேன். வெயில் நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூட ஆள் இல்லை.

மார்ச் 25, சனி

"வர்றியா?" "கணுக்கால் வலி." நேற்று கால்விரல். நாளைக்கு இடுப்பு என்பான், ஏறிக்கொண்டே போகிறது. தலைக்கு வரும்போது பேசிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

காலையில் கதவு தட்டல். சூனியக்காரி வேஷம் போட்ட இரண்டு பெண் குழந்தைகள், முகத்தில் புள்ளி புள்ளியாகச் சாயம், கையில் வண்ண இறகு கட்டின வில்லோ கிளைகள். பாட்டுப் பாடி என் மேல் கிளையை ஆட்டி, வருஷம் முழுக்க உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வாழ்த்தினார்கள். சாக்லேட் கொடுத்தேன். "மாமாவுக்கும் வாழ்த்தணும்" என்றாள் சின்னது. சாக்லேட் கணக்கில் கெட்டி.

"ரெய்யோ!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. படுக்கையில் இல்லை. குளியலறையில் இல்லை. கொட்டகையில் பார்த்தேன் — கோடாலி இருக்கிறது. துப்பாக்கி அலமாரி பூட்டியிருக்கிறது. துளை போடுகிற திருகு இருக்கிறது, தூண்டில் இருக்கிறது, விறகுத் தொட்டி இருக்கிறது. எல்லாம் இருக்கு, ஆள் இல்லை. எடுத்துட்டுப் போக ஒண்ணுமே இல்லாம எங்க போவான்? எங்கயாவது விழுந்து கெடக்கானா?

குழந்தைகளை அனுப்பிவிட்டு, கோட்டைக்கூடப் பொத்தான் போடாமல் கிளம்பினேன். இந்த மாதத்தில் பகல் வெயிலில் பனியின் மேல்பக்கம் உருகி, ராத்திரிக் குளிரில் கல்லாக இறுகிவிடும். பாதையே தேவையில்லை, காட்டில் எங்கே வேண்டுமானாலும் மேலேயே நடக்கலாம். நேற்றிரவு அதன் மேல் மாவு தூவினது போலக் கொஞ்சம் விழுந்திருந்தது. அதில் அவன் தடம் தெளிவாக இருந்தது. நானும் தடம் பார்க்கிறவள் ஆனேன்.

சாய்ப்புக்குப் போகிற பாதையில் தடம் போகவில்லை. கொஞ்ச தூரம் நேராகப் போய், காரணமே இல்லாமல் இடது பக்கம் திரும்பியிருந்தது. ஒரு பெரிய ஸ்ப்ரூஸை ஒரு முழுச் சுற்று சுற்றியிருந்தது. நரித் தடம் ஒன்று குறுக்கே வந்த இடத்தில் அதோடு சேர்ந்து கொஞ்சம் நடந்து, பிறகு நரியை அதன் போக்கில் விட்டுவிட்டிருந்தது. மேட்டில் வெயில் படுகிற ஒரு பாறையில் பனியைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்த அடையாளம். உட்கார்ந்து கால் ஆட்டியிருக்கிறான். குதிகால் பட்ட கோடுகள்! அதைப் பார்த்ததும் என் ஓட்டம் நின்றுவிட்டது. விழப் போகிறவன் கால் ஆட்டமாட்டான்.

மேட்டின் மேலிருந்து பார்த்தேன். குளத்தின் நடு வெள்ளையில் நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தான். முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு. எதையும் தேடவில்லை. எதையும் தூக்கவில்லை. பிறகு அக்கரைப் பக்கம் மெதுவாக நடக்க ஆரம்பித்தான்.

கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பதினொன்றரைக்கு வந்தான். மூக்கு சிவந்து, புருவத்தில் பனித்துளி. காப்பி தயாராக இருந்தது. "குளிரா?" என்று கேட்டேன். "இல்லை" என்றான். ரொட்டியில் வெண்ணெய் தடவினான். எங்கே போனான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. மூன்றும் நல்ல கிண்டல். காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.